பனிக்கட்டிக்கு ஒரு நடுநிலை மதிப்புரை

ரெத்னானிங் எழுதி அனுப்பிய மதிப்புரை நான்கே நாளில் திரும்பி வந்துவிட்டது.

மதிப்புரை எழுதுவது எப்படி என்று மாணவர்களுக்குப் பதினொரு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவர் அவர். சோலோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையில், ஒவ்வொரு பருவத்தின் முதல் வகுப்பிலும் பலகையில் ஒரே வாசகத்தை எழுதுவார்: 'குறையைச் சொல்லுமுன் நிறையை முழுமையாகச் சொல்க, ஆசிரியரை விடுக, கட்டுரையைப் பிடிக்க.' அப்படிப்பட்டவரின் மதிப்புரையே நடுநிலை தவறிவிட்டது என்று திரும்பி வந்தால், அதை யாரிடம் சொல்லிக்கொள்வது?

ஆய்விதழின் பதிப்பாசிரியர் தென்ரி தொலைபேசியில் அழைத்தார். அவர் மகாசர் ஊர்க்காரர். எதையும் நேராகச் சொல்லிவிடுவார். அந்த ஒரு குணத்துக்காகவே சோலோவில் பலர் அவருடைய அழைப்பை எடுக்கத் தயங்குவார்கள். அங்கே பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் மரியாதையாக அழைப்பது வழக்கம்.

"இபு, படிச்சேன். நாற்பத்தோரு குறை சொல்லியிருக்கீங்க."

"நாற்பத்தி மூணு," என்று திருத்தினார் ரெத்னானிங். "முப்பதாவதுல அ, ஆ, இன்னு மூணு இருக்கு."

"சரி, நாற்பத்தி மூணு. நிறைன்னு ஒண்ணே ஒண்ணு."

"இருந்தது அவ்வளவுதான், இபு."

அந்த ஒரே நிறை இது: 'ஆசிரியர் முன்னைய ஆய்வுகளைக் கருத்தூன்றிக் கற்றிருக்கிறார், துணைநூற்பட்டியலில் 11 முதல் 14 வரையுள்ளவை மிகப் பொருத்தமான தேர்வு.' அந்த நான்கும் ரெத்னானிங் எழுதியவை. அதை அவர் தற்செயல் என்றே கருதினார்.

"இதை எழுதினவரும் ஒரு மனுஷர், இபு. இப்படியே அனுப்பினா இனிமே பேனாவையே தொட மாட்டார். நிறை, குறை ரெண்டையும் சரியா எடை போட்டு, வியாழக்கிழமைக்குள்ள புதுசா எழுதிக் கொடுங்க. இன்னொரு மதிப்பீட்டாளரும் எழுதிக்கிட்டிருக்கார். ரெண்டும் ஒண்ணாத்தான் ஆசிரியருக்குப் போகும்."

எழுதியவர் யார் என்பது மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியாது; மதிப்பீட்டாளர்கள் யார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. எல்லோரையும் அறிந்தவர் தென்ரி ஒருவரே. அந்த ஆய்விதழின் நடைமுறை அது.

கட்டுரை, சோலோவுக்குப் பனிக்கட்டி வந்த கதையைப் பற்றியது. பழைய பனிக்கட்டி ஆலை ஒன்றின் அனுப்புகைக் குறிப்பேட்டை ஆசிரியர் கண்டெடுத்திருந்தார். ஒவ்வொரு கட்டியும் புறப்படும்போது இருந்த எடையும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருந்த எடையும் அதில் இருந்தன. வழியில் உருகியது எவ்வளவு என்று மாதவாரியாகக் கணக்கிட்டு, முதல் இரண்டு பகுதிகளை எழுதியிருந்தார். மூன்றாம் பகுதியில், பதினான்கு புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பனிக்கட்டி போட்ட பானம் விற்றவர்கள் பெரும்பாலும் பெண்களே என்று முடிவு கட்டியிருந்தார்.

முதல் முறை படித்தபோது காற்புள்ளிகளில் மட்டுமே கண்ணாக இருந்துவிட்டோமோ என்ற ஐயம் ரெத்னானிங்குக்கு வந்தது. குறிப்பேட்டை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து நூலகத்துக்குப் போனார்.

ஆவணப் பிரிவின் பொறுப்பாளர் முஜிமான், ஐம்பத்து மூன்று வயதானவர். குரல் எழும்பாது, நடந்தால் செருப்பும் சத்தம் போடாது. எந்தக் கட்டு எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்பதைப் பட்டியல் பாராமலே சொல்லக்கூடியவர்.

"பாக் முஜிமான், பனிக்கட்டி ஆலையோட அனுப்புகைக் குறிப்பேடு வேணும்."

முஜிமான் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அதுவா, இபு? இத்தனை வருஷமா அது இருக்குன்னே யாருக்கும் தெரியாது. இந்த வாரம் மட்டும் ரெண்டு பேர் கேட்டுட்டீங்க."

"இன்னொருத்தர் யாரு?"

"பாக் டீன். முந்தாநாள் வந்து மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சொந்தமா உருப்பெருக்கிக் கண்ணாடி கூடக் கொண்டு வந்திருந்தார்." ஒரு கணம் தயங்கினார். "இபு எதுக்காகப் பார்க்கறீங்கன்னு கேட்கலாமா?"

"சும்மா. ஒரு ஆர்வம்தான்."

"அவரும் அதையேதான் சொன்னார்," என்று சொல்லிவிட்டு முஜிமான் உள்ளே போனார்.

ரெத்னானிங் கட்டுரையின் துணைநூற்பட்டியலை அவசரமாகப் புரட்டினார். 3, 4, 5, 6, 7. ஐந்தும் புல முதல்வரான டீன் தர்சோனோ சர்க்கரை ஆலைகளைப் பற்றி எழுதியவை. ஒருவருடைய கட்டுரைகளை வரிசையாக ஐந்து முறை எடுத்துக்காட்டக்கூடியவர் அந்த ஒருவரைத் தவிர வேறு யார்?

 இணைப் பேராசிரியர் பதவிக்கான ரெத்னானிங்கின் கோப்பு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் டீனின் மேசைக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் டீன் கையெழுத்திட்டால் இறுதி ஒப்புதலுக்கு ஜகார்த்தாவுக்குப் போகும். இல்லாவிட்டால் அடுத்த சுற்று எப்போது வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அந்த டீனின் கட்டுரையில்தான் நாற்பத்து மூன்று குறை கண்டிருக்கிறார், அதுவும் முப்பதாவதில் அ, ஆ, இ என்று பிரித்துப் பிரித்து.

குறிப்பேட்டைத் திறக்காமலே வீட்டுக்குப் போய், புதிய மதிப்புரை எழுதினார். மறுநாள் காலை உணவின்போது அதைக் கணவர் குன்சோரோவுக்குப் படித்துக் காட்டினார். குன்சோரோ பல் மருத்துவர். வாயில் எது இருந்தாலும் பொறுமையாகக் கேட்பவர்.

"'பதினான்கு புகைப்படங்களும் பதினான்காகவே அமைந்திருப்பது தனிச் சிறப்பு. எனினும், நேரமும் மனமும் ஒருங்கே வாய்க்குமானால், பதினைந்தாவது ஒன்று கிடைப்பது மகிழ்ச்சியை ஒருவேளை மிகுவிக்கலாம்.' எப்படி இருக்கு, மாஸ்?"

குன்சோரோ வாயிலிருந்த தெம்பே வறுவலை மென்று விழுங்கினார்.

"அந்தப் பல்லைப் பிடுங்கணுமா, வேண்டாமா?"

"பிடுங்கணும்."

"நீ எழுதியிருக்கறதைக் கேட்டா, அந்தப் பல்லுக்குப் பாராட்டு விழா நடத்தற மாதிரி இருக்கே."

"உங்களுக்கு வாய் திறந்த நோயாளிதான் பழக்கம். எனக்கு அப்படியா? கையெழுத்துப் போடற கை அவரோடது."

அனுப்பிவிட்டார். அன்று பிற்பகலே தென்ரி அழைத்தார்.

"இபு, முதல் தடவை கட்டுரையைக் கொன்னீங்க. சரி. இப்ப இதை நான் வெளியிடணுமா, இல்ல நீங்க தத்தெடுத்துக்கறீங்களா?"

"நடுநிலையா எழுதச் சொன்னீங்களே!"

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா நடுநிலை வந்துரும்னு நினைச்சேன், வரல. என்ன நடந்துச்சு? உண்மையைச் சொல்லுங்க."

ரெத்னானிங் துறையிலுள்ள தம் அறைக் கதவைச் சாத்தினார்.

"எழுதினவர் யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"ஓ." தென்ரியின் குரல் மாறியது. "பேர் சொல்ல வேண்டாம். உங்களுக்குச் சொந்தக்காரரா? பகையா?"

"மேலதிகாரி."

 மறுமுனையில் தண்ணீர் புரையேறியது போன்ற ஓர் ஓசை.

"மேலதிகாரியா?"

"அதுக்கு மேல கேட்காதீங்க."

"கேட்கல. இபு, உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நீங்க நினைக்கறீங்க. நான் ஆமாவும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. விலகிக்கறதுன்னா விலகிக்கலாம். ஆனா இந்த விஷயம் தெரிஞ்சவங்க நாட்டுலயே நாலு பேர்தான். புது ஆள் கிடைக்க ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் எழுதினவர் காத்துக்கிட்டே கிடப்பார்."

விலகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் 'விலகுகிறேன்' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வியாழக்கிழமை வரை தவணை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வந்தவர், நடைக்கூடத்தில் டீன் தர்சோனோவின் மீது மோதாத குறை.

"இபு ரெத்னானிங்! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். என்ன வெயில்! வாங்க, ஒரு தாவெட் குடிக்கலாம்."

பதினொரு ஆண்டுகளில் டீன் அவரை ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூட அழைத்ததில்லை. உணவகத்தில் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமுமாகத் தாவெட் வந்தது. அதில் மிதந்த பனிக்கட்டியை டீன் கரண்டியால் மெல்லத் தட்டினார்.

"இதைப் பாருங்க, இபு. ஒரு சின்னக் கட்டிதான். ஆனா இதுக்குப் பின்னாடி எவ்வளவு உழைப்பு!"

வந்துவிட்டார் விஷயத்துக்கு, என்று எண்ணிக்கொண்டார் ரெத்னானிங்.

"ஆமா, பாக். சாதாரண உழைப்பில்ல."

"என் பழைய சர்க்கரை ஆலைக் கட்டுரைகளையெல்லாம் இன்னும் ஒருத்தர் எடுத்துக்காட்டறார்னா, மனசுக்கு இதமா இருக்கு. மறைக்க வேண்டாமே."

"அதுல என்ன தப்பு, பாக்? பொருத்தமா இருந்தா அஞ்சு தடவை கூடக் காட்டலாம்."

டீன் நிமிர்ந்து பார்த்தார். 'அஞ்சு' என்று எண்ணிக்கையோடு சொல்லியிருக்கக் கூடாது என்று ரெத்னானிங் நாக்கைக் கடித்துக்கொண்டார். டீனோ, ஏதோ ஒன்று உறுதிப்பட்டவர் போலத் தலையசைத்தார்.

"ஒண்ணு கேட்கறேன், தப்பா நினைக்காதீங்க. எழுதினதுல குறை இருக்குன்னு யாராவது சொன்னா, நீங்க வருத்தப்படுவீங்களா?"

"நானா? மாட்டேன், பாக். நீங்க?"

"நானும் மாட்டேன்."

இருவரும் தாவெட்டைக் குடித்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

"பாக், என் கோப்பு..." என்று தொடங்கினார் ரெத்னானிங்.

டீனின் முகம் இறுகியது. "அதுல ஒரு மனசாட்சி விஷயம் இருக்கு, இபு. ஒரு வேலை என் கையில பாதியில நிக்குது. அது முடியறதுக்கு முன்னால உங்க கோப்புல கையெழுத்துப் போட்டா முறையா இருக்காது. வியாழக்கிழமை முடிஞ்சுரும். வெள்ளிக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை! மதிப்புரையின் கடைசி நாள்! இதைவிடத் தெளிவாக ஒருவர் மிரட்ட முடியுமா?

அறைக்குத் திரும்பிய ரெத்னானிங், கோபத்தில் மூன்றாவது மதிப்புரையைத் தொடங்கினார். அது ஐம்பத்தாறாவது குறை வரை ஓடியது. ஐம்பத்தேழாவதைத் தேடியபோதுதான், தாம் குறிப்பேட்டை இன்னும் திறக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மாணவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் வகுப்பை விட்டே வெளியே அனுப்பியிருப்பார். எழுதியதை அழித்தார்.

புதன்கிழமை முழுவதும் ஆவணப் பிரிவில் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் டீனின் தவறுகளைத் தேடினார். அடுத்த ஒரு மணி நேரத்தில் டீன் என்று ஒருவர் இருப்பதே மறந்துபோயிற்று. மரத்தூளில் பொதிந்த கட்டி ஒன்று மாட்டுவண்டியில் புறப்பட்டு, பாதி வழியில் மழையில் நின்று, கால் பங்கை இழந்து சந்தையைச் சேர்ந்திருக்கிறது. ஒரு ஜனவரி மாதத்தில் பதினொரு நாட்கள், ஒரு துளிகூட உருகவே இல்லை என்று பதிவாகியிருந்தது. எப்படி முடியும்? கட்டுரையைப் புரட்டினார். ஆசிரியர் அதையும் கண்டுபிடித்திருந்தார்: அந்தப் பதினொரு நாளும் கையெழுத்து வேறு, மாற்றாளாக வந்தவன் எடை போடாமல் பழைய எண்ணையே எழுதியிருக்கிறான். ரெத்னானிங் இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உண்மைதான். இந்த வரியை முதல் முறை படித்தபோது அவர் செய்தது, அதிலிருந்த ஓர் அரைப்புள்ளியைத் திருத்தியது மட்டுமே.

பிறகு புகைப்படங்களை எடுத்தார். சந்தைப் பெண்களைப் பற்றிப் பதினைந்து ஆண்டுகள் ஆராய்ந்த கண் அது. ஐந்தாவது படத்தில் நின்றது, ஒன்பதாவதுக்குத் தாவியது.

"என்ன இபு, ஏதாவது தப்பா?" முஜிமான் பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை.

"இந்தப் பொண்ணைப் பாருங்க, பாக். இடது காதோலை பிளந்திருக்கு இல்லையா? இப்ப இந்தப் படம். இது, இது. நாலும் ஒரே ஆள். துணியை மாத்தி, கூடையை மாத்தி, படம் பிடிக்கறவன் நிறுத்தி வச்சிருக்கான். பதினாலு படம்; ஆனா பதினோரு பொண்ணுதான்."

முஜிமான் உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருடைய காதுமடல் சிவந்தது.

"இத்தனை நாளா இது யார் கண்ணுலயும் படலையே," என்றார் மெதுவாக.

"ஆசையா எண்ணினா அப்படித்தான் ஆகும். எனக்கும் ஆகியிருக்கு," என்றார் ரெத்னானிங்.

வியாழக்கிழமை காலை, ஒன்றரைப் பக்கத்தில் மதிப்புரை எழுதி முடித்தார். குறிப்பேட்டைக் கண்டெடுத்ததும், உருகலை அளந்ததும், பதினொரு நாள் பொய்க் கணக்கைப் பிடித்ததும் தம்மை எந்த அளவுக்கு வியக்க வைத்தன என்பதை மறைக்காமல் எழுதினார். மூன்றாம் பகுதியின் முடிவுக்குச் சான்று போதாது என்பதையும், நான்கு படங்களில் இருப்பவள் ஒருத்தியே என்பதையும் அவ்வாறே மறைக்காமல் எழுதினார். அந்தப் பகுதியை இப்போதைக்கு நீக்கிவிட்டு, சான்று சேர்ந்தபின் தனிக் கட்டுரையாக்கலாம். மற்றதை வெளியிட வேண்டும். காற்புள்ளிகளுக்கு ஒரே வரி. 11 முதல் 14 வரை உள்ளவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் கோப்பை ஒருமுறை நினைத்துக்கொண்டார். ஆறு ஆண்டுகள். அழுத்தினார்.

தென்ரியிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'இதுதான், இபு.'

வெள்ளிக்கிழமை, தண்டனை கேட்கப் போகிறவர் போல டீனின் அறைக்குள் நுழைந்தார். தர்சோனோ பாத்திக் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்திலும் தண்டனை கேட்கக் காத்திருப்பவரின் களை இருந்தது. கோப்பைத் திறந்து, நான்கு இடத்திலும் கையெழுத்திட்டு, நீட்டினார்.

"நான் என் கடமையைச் செஞ்சுட்டேன், இபு. மனசறிஞ்சு செஞ்சேன். நாளைக்குத் தெரிய வரும்போது, நீங்க எப்படி எடுத்துக்கிட்டாலும் சரி."

"நானும் மனசறிஞ்சுதான் செஞ்சேன், பாக். நீங்க எப்படி எடுத்துக்கிட்டாலும் சரி."

டீன் ஏதோ கேட்க வாயெடுத்தார்; பிறகு மூடிக்கொண்டார். ரெத்னானிங்கும் அவ்வாறே. இருவரும் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகக் குனிந்து வணங்கிக்கொண்டார்கள்.

கோப்பு ஜகார்த்தாவுக்குப் போயிற்று. மதிப்புரைகள் ஆசிரியருக்குப் போய்விட்டன என்று திங்கட்கிழமை தென்ரி தெரிவித்தார். செவ்வாய்க்கிழமை டீன் நடைக்கூடத்தில் எதிர்ப்பட்டு, எதுவும் நடவாதது போல, ஆனால் ரெத்னானிங்கின் முகத்தைக் கூர்ந்து பார்த்தபடியே, நலம் விசாரித்தார்.

"எப்பேர்ப்பட்ட மனுஷர், மாஸ்!" என்று அன்று மதியம் கணவரிடம் நெகிழ்ந்தார் ரெத்னானிங். "ஒரு பகுதியையே வெட்டி எறியச் சொல்லியிருக்கேன். முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. நான்தான் அவரைத் தப்பா எடை போட்டுட்டேன்."

"மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தான் பிடுங்கியிருக்கே போல," என்றார் குன்சோரோ.

புதன்கிழமை, அடுத்த வகுப்புக்கான சில பழைய வரைபடங்களைக் கேட்டு வாங்குவதற்காக ரெத்னானிங் நூலகத்துக்குப் போனார். மனம் லேசாக இருந்தது. முஜிமான் வரைபடங்களை எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். ஆனால் போகவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த இரண்டு தாள்களை எடுத்து, வரைபடத்தின்மேல் அருகருகே வைத்து நீவிவிட்டார்.

"இபு, என் பனிக்கட்டிக் கட்டுரைக்கு மதிப்புரை வந்திருக்கு," என்றார் வழக்கமான எழும்பாத குரலில். "மூணாம் பகுதியை எடுத்துடச் சொல்லுது ஒண்ணு, மூணாம் பகுதியை மட்டும் வச்சுக்கச் சொல்லுது இன்னொண்ணு, இதுல எது உங்களோடது, எது பாக் டீனோடது?"